கீழே விழுந்த வண்டியை யார் தூக்குவது?

2004-இல் இவான் மெக்ரிகர், சார்லி பூர்மன் என்ற இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து கிழக்கே புறப்பட்டு, ஐரோப்பாவையும் ஆசியாவையும் கடந்து, வட அமெரிக்காவின் குறுக்கே நியூயார்க் வரை மோட்டார் சைக்கிளில் போனார்கள். ‘லாங் வே ரவுண்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடராக அந்தப் பயணம் வெளிவந்தது. அவர்கள் ஓட்டியது பி.எம்.டபிள்யூ. ஆர் 1150 ஜி.எஸ். அட்வெஞ்சர். பெட்டிகள், கூடாரம், நிறைந்த பெட்ரோல் டேங்க் எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. தார்ச்சாலையில் ராஜநடை போட்ட அந்த வண்டிகள் மங்கோலியாவின் சேற்றில் திரும்பத் திரும்பச் சாய்ந்தன. அங்கே தன் வண்டி பழுதாகிப்போன ஒளிப்பதிவாளர் கிளாடியோ ஃபான் பிளாண்டா, உள்ளூரிலேயே ‘இஷ் பிளானெட்டா 5’ என்ற ரஷ்ய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். 350 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். நம் ஊரில் ஓடிய யெஸ்டியைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. பெரிய வண்டிகள் திணறிய சேற்றில் அந்த ஏழை வண்டி அவரைச் சுமந்துகொண்டு போனது.

வேடிக்கை என்னவென்றால், தொடரைப் பார்த்து மயங்கியவர்கள் போய் வாங்கியது பெரிய ஜி.எஸ். வண்டிகளைத்தான். காட்சியில் கிடைத்த பாடம் ஒன்று, கடையில் விற்றது வேறொன்று. அட்வெஞ்சர் பைக் வாங்குகிற எல்லோரிடமும் இந்த முரண் இருக்கிறது. ஷோரூமில் நிற்கும்போது குதிரைத்திறனுக்கும் டேங்க்கின் கம்பீரத்துக்கும் ஆசைப்படுகிறோம். சரளைக்கல் ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கும்போது, இதில் இன்னும் நாற்பது கிலோ குறைவாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பந்தயக்காரர்களுக்கு இது பழைய செய்தி. 1978 டிசம்பர் இறுதியில் தொடங்கிய பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் முதல் இரண்டு ஆண்டுகளும் சிரில் நெவூ வென்றது ஒற்றை சிலிண்டர் யமஹா எக்ஸ்.டி. 500-இல். பிறகு இரட்டை சிலிண்டர் ராட்சதர்களின் காலம் வந்தது. வேகம் ஏறியது, ஆபத்தும் ஏறியது. 2011 முதல் 450 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. 2024-இல் ஹீரோ நிறுவனத்தின் அணிக்காக ஓட்டிய ராஸ் பிராஞ்ச் டக்காரில் இரண்டாமிடம் பிடித்ததும் 450 சி.சி. வண்டியில்தான்.

இந்தியச் சந்தையில் இந்த வகை வேர்விடத் தாமதமானது. 2011-இல் ஹீரோ ‘இம்பல்ஸ்’ என்ற 150 சி.சி. வண்டியை இறக்கியது. நீண்ட சஸ்பென்ஷன், உயரமான இருக்கை, 134 கிலோ எடை. இன்று நினைத்தால் முன்யோசனையான வண்டி. அன்று சீண்ட ஆளில்லை. அதே எஞ்சினோடு குறைந்த விலைக்கு வேறு வண்டி கிடைக்கும்போது எதற்கு இந்த ஒட்டகம் என்று கேட்டார்கள். 2016-இல் ராயல் என்ஃபீல்டு ‘ஹிமாலயன்’ வந்த பிறகுதான் வண்டியோடு மலையேறும் ஆசை நடுத்தர வர்க்கத்தின் பட்ஜெட்டுக்குள் வந்தது. பெயரில் இமயம் இருந்தாலும் பிறந்தது சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில். 2019-இல் ஹீரோ மறுபடி முயன்று ‘எக்ஸ்பல்ஸ் 200’-ஐக் கொண்டுவந்தது. இந்த முறை பருவம் பார்த்து விதைத்தது. இடையில் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். வந்தது. ஜெர்மன் முத்திரை, டி.வி.எஸ்.ஸின் ஓசூர் ஆலையில் தயாரிப்பு. அதன்பின் கே.டி.எம். 390 அட்வெஞ்சர், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்., யெஸ்டி அட்வெஞ்சர், 2023 இறுதியில் 452 சி.சி. எஞ்சினோடு புதிய ஹிமாலயன், 2025-இல் எக்ஸ்பல்ஸ் 210, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்று வரிசை நீண்டுவிட்டது. தேர்வு செய்ய வண்டியே இல்லாத காலம் போய், எதைத் தேர்வு செய்வது என்று தலைசுற்றும் காலம் இது.

இவற்றில் எது ‘எடை குறைந்த’ வண்டி? பெட்ரோலோடு நிறுவனங்கள் சொல்லும் எடையை வரிசையாகப் பார்க்கலாம். கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 வெறும் 139 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200-இன் நான்கு வால்வு வகையான 4வி 158. வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 167. எக்ஸ்பல்ஸ் 210 ஏறக்குறைய 170. ஆர்.டி.எக்ஸ். 300-உம் புதிய 390 அட்வெஞ்சரும் 180-ஐ ஒட்டி. ஹிமாலயன் 450-க்கு 196. பழைய 411 சி.சி. ஹிமாலயன் அதன் கடைசிக் காலத்தில் 199 கிலோ இருந்தது; புதியது சக்தியில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியும் எடையில் மூன்று கிலோ குறைந்தது பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் 139-க்கும் 196-க்கும் நடுவே இருப்பது ஒரு மெலிந்த மனிதரின் எடை. ஆளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஓடையைக் கடப்பதையும் தனியாகக் கடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் புரியும்.

எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதே அளவு முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. ஹிமாலயனின் 17 லிட்டர் டேங்க் நிரம்பினால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், வண்டியின் உச்சியில். மெதுவாகப் போகும்போது ஹேண்டிலை ஒடித்துத் திரும்பினால் அந்தக் கனம் ஒரு பக்கமாக இழுப்பது கைக்கு நன்றாகத் தெரியும். வேகம் எடுத்தபின் அது மறைந்துவிடுகிறது. அதனால்தான் டெஸ்ட் ரைடில் நல்ல சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள், “வெயிட்டே தெரியல சார்” என்கிறார்கள். தெரியாதுதான். தெரிய வேண்டிய இடம் அதுவல்ல. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து இறங்கி, லேசான ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அப்புறம் அதே வண்டியை வைத்திருக்கும் நண்பர் யாராவது சம்மதித்தால் புல்தரையில் மெல்லப் படுக்கவைத்து நிமிர்த்திப் பாருங்கள். ஹேண்டிலை முழுக்க ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் இருக்கைக்கு அடியில் சேஸிஸையும் பிடித்து, கால்களால் உந்தி எழ வேண்டும். முதுகால் தூக்கினால் பயணம் அங்கேயே முடியும். முதல் முறை பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். மூன்றாவது முறை முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் விழுகிற இடங்கள் அப்படி. இமாசலத்தின் ஸ்பிதிக்குப் போகும் வழியில் கிராம்ஃபூவிலிருந்து சத்ரு, படால் வழியாகக் குன்சும் கணவாய் ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 505 என்பது அதன் அரசாங்கப் பெயர். நெடுஞ்சாலை என்ற சொல்லை நம்பிப் போனவர்களுக்குப் பல ஆண்டுகள் அங்கே காத்திருந்தது, உருண்டைக் கற்களும் பனி உருகி வழியும் ஓடைகளும்தான். அந்த ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் முழங்காலைத் தொடும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி விலகினால் வண்டி பக்கவாட்டில் சாயும். அந்த நொடியில் காலை ஊன்றித் தாங்கிப் பிடிக்க முடிகிற வண்டி வேறு, காலை இழுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டிய வண்டி வேறு. குன்சும் 4,500 மீட்டருக்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. சமவெளியில் எளிதாகத் தூக்கிய வண்டி அங்கே நிமிர்ந்ததும், தூக்கியவர் ஐந்து நிமிடம் மூச்சுவாங்கி உட்கார வேண்டியிருக்கும். உடன் நண்பர்கள் இருந்தால் இதெல்லாம் சிரித்துக்கொண்டே கடக்கிற விஷயம். தனியாகப் போகிறவருக்கு அப்படியல்ல. ஆகவே எடை குறித்த முதல் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல. நீங்கள் தனியாகப் போகிறீர்களா, கூட்டமாகவா என்பது.

எதிர்வாதம் வலுவானது, அதையும் கேட்க வேண்டும். அந்த மெல்லிய காற்று மனிதரை மட்டும் வாட்டுவதில்லை, எஞ்சினையும் வாட்டுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் உள்ளே இழுக்கும் ஆக்சிஜன், உயரம் கூடக்கூடக் குறைகிறது. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் அறுபது சதவீதம்தான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபின் பெட்ரோல் கலவை தானாகச் சரிசெய்யப்படுகிறது. கார்புரேட்டர் காலத்து இருமலும் கரும்புகையும் இல்லை. ஆனால் இல்லாத காற்றை எந்தக் கருவியும் தருவிக்காது. எக்ஸ்பல்ஸ் 200-இன் 19 குதிரைத்திறன் லடாக்கின் கார்துங் லா கணவாய் உச்சிக்குப் போகும்போது பதினொன்றை ஒட்டி வந்துவிடும். சுமையோடு செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரை விட்டு மேலே போகாது. ஹிமாலயன் 450-இன் 40 குதிரைத்திறன் அதே உயரத்தில் 24-ஆகச் சுருங்கினாலும், அது எக்ஸ்பல்ஸ் சென்னையில் தருவதைவிட அதிகம். பின்னால் துணைவியோ நண்பரோ உட்கார்ந்து வருவதாக இருந்தால் இங்கே விவாதமே முடிந்துவிட்டது: பெரிய வண்டி வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு? ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்வது எரிச்சல்தான், ஆனால் ஆபத்து இல்லை. விழுந்த வண்டியைத் தூக்க முடியாமல் நிற்பது ஆபத்து. என் தராசில் இரண்டாவதுக்குத்தான் கனம் அதிகம். 225 சி.சி. யமஹா செரோவில் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்முனை வரை தனியாகப் போன பிரிட்டிஷ் எழுத்தாளர் லோயிஸ் பிரைஸ் ஆண்டிஸ் மலைகளையும் தாண்டித்தான் போனார். வேகமாகப் போனார் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த எதிர்வாதம் இன்னும் சிக்கலானது, குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. சென்னையிலிருந்து மணாலி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதில் மண் என்று சொல்லத்தக்கது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நான்குவழிச் சாலை, ஆறுவழிச் சாலை, லாரிகள். 200 சி.சி. வண்டி மணிக்கு எண்பதில் நிம்மதியாக ஓடும். அதைத் தாண்டி நாளெல்லாம் முறுக்கினால் ஹேண்டிலும் ஃபுட்பெக்கும் அதிர்ந்து கைவிரல் மரத்துப்போகும். நாக்பூரைத் தாண்டுவதற்குள் வண்டியை வெறுத்துவிடுவீர்கள். ஹிமாலயன் 450-உம் 390 அட்வெஞ்சரும் நூறில் ஓடினாலும் களைப்பதில்லை. ஸ்பிதியின் இருநூறு கிலோமீட்டருக்காக வாங்கிய வண்டியில் போகவர ஐயாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையைச் சகிப்பதா, நெடுஞ்சாலைக்காக வாங்கிய வண்டியோடு ஓடையில் மல்லுக்கட்டுவதா?

மூன்றாவது வழி உண்டு. ரயில். பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்கு சுற்றிக் கட்டி, ஆர்.சி. நகலோடு பார்சல் அலுவலகத்தில் கொடுத்தால் வண்டி டெல்லிக்கோ சண்டிகருக்கோ போய்ச் சேரும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, அவை முழுதாக வந்த கதை குறைவு. ஆறு நாள் நெடுஞ்சாலையை இப்படி மிச்சப்படுத்திவிட்டால் சின்ன வண்டியின் பெரிய குறை மறைந்துவிடுகிறது. லடாக் மட்டும்தான் இலக்கு என்றால் லேவுக்கு விமானத்தில் போய் அங்கேயே வாடகைக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியோடு லே போய், அங்கிருந்து கார்துங் லா, பாங்காங் என்று சுற்றலாம் என நினைக்காதீர்கள். வெளியூர் வாடகை வண்டிகளை உள்ளூர்ச் சங்கத்தார் அனுமதிப்பதில்லை. சொந்த வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரயிலில் அனுப்ப மனமில்லாதவர், முழுத் தூரமும் ஓட்டிப்போவதுதான் யாத்திரை என்று நினைப்பவர், எடையைப் பற்றி நான் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

இருக்கை உயரம். நம் ஊரில் இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அளவுகோலைக் கடன் வாங்கிவிடுகிறார்கள். ஆறடி ஐரோப்பியருக்கு 860 மில்லிமீட்டர் சாதாரணம். ஐந்தடி நாலங்குலம், ஐந்தடி ஐந்தங்குலம் உள்ள நம்மவர்களுக்கு எக்ஸ்பல்ஸின் 825-லேயே இரண்டு கால்களும் நுனிவிரலில்தான் நிற்கும். கே.எல்.எக்ஸ். எடையில் தங்கம், ஆனால் இருக்கை 880. உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் என்றாலும் பலருக்கு அது ஏணி வைத்து ஏறும் உயரம். எக்ஸ்பல்ஸிலேயே ரேலி சஸ்பென்ஷன் பொருத்திய ‘ப்ரோ’ வகையில் 891. பழைய ஹிமாலயன் 411 இவ்வளவு பேரைக் கவர்ந்ததற்கு அதன் 800 மில்லிமீட்டர் இருக்கை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்; 199 கிலோ எடையை அந்தத் தாழ்ந்த இருக்கை மன்னிக்கவைத்தது. புதிய 450-இல் இருக்கையை 825-க்கும் 845-க்கும் மாற்றிக்கொள்ளலாம், இன்னும் தாழ்ந்த இருக்கையும் வாங்கலாம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: கரட்டுப் பாதையில் பழகியவர்கள் உட்காருவதில்லை. ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்க்கை அணைத்து, வண்டியைக் காலடியில் ஆடவிட்டு ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இருக்கை உயரம் இரண்டாம்பட்சம். ஒரு பக்கம் இடுப்பை நகர்த்தி ஒற்றைக் காலை முழுதாக ஊன்றும் பழக்கம் வந்துவிட்டால் ஐந்தடி மூன்றங்குலப் பெண்கள்கூட 825-ஐச் சமாளிக்கிறார்கள். லிங்க் மாற்றி வண்டியைத் தாழ்த்துகிற மெக்கானிக்குகளும் உண்டு. தாழ்த்தினால் அடித்தட்டும் தாழும், சஸ்பென்ஷன் நடத்தை கெடும். எதற்காக இந்த வண்டியை வாங்கினோமோ அதையே விற்றுவிட்டு உயரத்தை வாங்குகிற வியாபாரம் அது. இருக்கையின் ஃபோமைச் செதுக்குவது மேல்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் தயங்க வேண்டியதில்லை. மண்ணும் கல்லும்தான் நோக்கம் என்றால் முன்சக்கரம் 21 அங்குலம், ஸ்போக். பெரிய வட்டம் கல்லின் மேல் ஏறிப்போகும், சின்ன வட்டம் கல்லில் முட்டும். அலாய் சக்கரம் கூர்மையான பள்ளத்தில் விழுந்தால் விரிசல்விடலாம். ஸ்போக் சக்கரம் வளையும், வளைந்ததைக் கிராமத்துக் கடையிலும் ஓரளவு நிமிர்த்தலாம். வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்., ஆர்.டி.எக்ஸ். 300 இரண்டும் 19 அங்குல அலாய் சக்கரத்தோடு வருகின்றன. அவை கெட்ட சாலையைத் தாங்கும் நல்ல டூரிங் வண்டிகள். சாலையே இல்லாத இடத்துக்கானவை அல்ல. 390 அட்வெஞ்சரின் முதல் தலைமுறை 19 அங்குல அலாயோடு வந்து, பிறகு ஸ்போக் வகையும் வந்து, இப்போது 21 அங்குலத்துக்கு மாறியிருப்பதே நிறுவனமும் இதைக் கற்றுக்கொண்டது என்பதற்குச் சாட்சி. ஸ்போக்கின் தலைவலி டியூப். ஹிமாலயன் 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் இப்போது கிடைக்கிறது. எக்ஸ்பல்ஸ்காரர்கள் டயர் லீவர், மாற்று டியூப், கைப்பம்பு மூன்றையும் சுமந்து, கிளம்புமுன் வீட்டு வாசலில் ஒரு முறையாவது டியூப் மாற்றிப் பழக வேண்டும்.

சஸ்பென்ஷனின் நகர்வு நீளம் எக்ஸ்பல்ஸ் 200-இல் முன்னே 190, பின்னே 170 மில்லிமீட்டர். 210-இல் 210, 205. ஹிமாலயன் 450-இல் இரண்டு பக்கமும் 200. எண்ணில் கிட்டத்தட்டச் சமம்தான். வேகமான சரளைச் சமவெளியில் ஹிமாலயனின் எடை அதற்குச் சாதகமாகி, வண்டி நேர்கோட்டில் நிலையாக ஓடும் என்பதையும் மறைக்கக் கூடாது. எக்ஸ்பல்ஸ் அங்கே கொஞ்சம் துள்ளும். ஏ.பி.எஸ். விஷயத்தில் ஒன்றே ஒன்று: மண் இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவது நமக்கு வேண்டும், ஏ.பி.எஸ். அதைத் தடுத்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 200 4வி-யில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்தில் மட்டும் என்பதால் கேள்வியே எழவில்லை.

பெட்ரோல். மணாலி-லே பாதையில் டாண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை வெகுகாலம் பிரசித்தம். அந்தத் தூரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பல வண்டிகளின் சாயம் வெளுத்துவிடும். கே.எல்.எக்ஸ். டேங்க் 7.6 லிட்டர், எப்படிப் பிழிந்தாலும் 250 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். எக்ஸ்பல்ஸ் 13 லிட்டரில் மலையேற்றத்திலும் நானூறை நெருங்கும். கே.எல்.எக்ஸ்.ஸை எடுத்துக்கொண்டு ஐந்து லிட்டர் கேனைக் கட்டிக்கொள்ளலாமே என்றால், கட்டலாம். அது வண்டியின் பின்கோடியில் தொங்கும் நாலு கிலோ.

தொங்கவிடுவதுதான் நம் ஆட்களின் பலவீனம். 158 கிலோ வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, அதில் இரும்பு கிராஷ் கார்டு, இரும்பு சாடில் ஸ்டே, டாப் பாக்ஸ், இரண்டு ஃபாக் லைட், ஜெர்ரி கேன் எல்லாம் மாட்டி 185-க்குக் கொண்டுவந்துவிட்டு, “எக்ஸ்பல்ஸ் இழுக்க மாட்டேங்குது” என்பார்கள். ஸ்பிதியில் கூடாரம் எதற்கு? காசா, லங்ஸா, லோசர் எங்கும் வீடுகளில் அறை கொடுத்து, சூடான சோறும் பருப்பும் போடுகிறார்கள். துணிப்பைகள் இரண்டு, மொத்தம் பதினைந்து கிலோ. அதற்கு மேல் போகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும். கிராஷ் கார்டைக் குறை சொல்லவில்லை, எஞ்சினின் அடித்தட்டும் கைக்காப்பும் அவசியம். டாப் பாக்ஸ் அவசியமில்லை.

பழுதுபார்ப்பு விஷயத்தில் மலையில் ராயல் என்ஃபீல்டுக்கு இணையில்லை. மணாலியிலும் லேவிலும் அதைப் பிரித்துப்போடத் தெரியாத மெக்கானிக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 450-இன் லிக்விட் கூல்டு எஞ்சின் பழைய 411 போல எளிமையானது அல்ல. சமவெளியில் ஹீரோவின் வலைப்பின்னல் பெரியது, உதிரிபாக விலையும் அடக்கம். விழும் வண்டிக்கு இது முக்கியம்: உடைந்த கிளட்ச் லீவருக்கும் இண்டிகேட்டருக்கும் எவ்வளவு ஆகும் என்று ஷோரூமில் கேட்டுவிட்டு அப்புறம் புக் பண்ணுங்கள். வரியும் இப்போது சின்ன வண்டியின் பக்கம் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40. முன்பு இந்த இடைவெளி மூன்று சதவீதம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்த ஆய்வின் அடியிலேயே ஒரு சங்கடமான கேள்வி கிடக்கிறது. மண் பாதை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் மலையும் மண்ணும் சேர்ந்த இடம் பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதியின்றி உள்ளே வண்டியை விடுவது சட்டப்படி குற்றம். யானை வழித்தடத்தில் அது முட்டாள்தனமும்கூட. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் காட்டுக்குள் டயர்த் தடம் பதித்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தார்தான். இமயத்திலும் எல்லைச் சாலை அமைப்பு ஓயாமல் வேலை செய்கிறது. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தது. ஏறக்குறைய 5,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உம்லிங் லா வரை தார் போட்டாகிவிட்டது. ஷின்கு லா வழியே சான்ஸ்காருக்குச் சாலை இணைந்துவிட்டது. ஹிமாலயன் பிறந்த 2016-இல் இருந்த கரடுமுரடு இன்று பாதிகூட இல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு நல்ல சாலை வருவதைப் பற்றி, வருடத்துக்கு ஒரு வாரம் போகிற நாம் புலம்ப உரிமையில்லை.

ஆகவே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்க வேளச்சேரியிலிருந்து அலுவலகம், மாதம் ஒரு முறை ஏற்காடு, வால்பாறை, வாழ்நாளில் ஒரு முறை லடாக் என்றால் வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.ஸோ ஆர்.டி.எக்ஸ்.ஸோ உங்களை ஏமாற்றாது. அவற்றை ‘போலி அட்வெஞ்சர்’ என்று கேலி செய்கிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இருவராக, சுமையோடு, முழுத் தூரமும் சாலைவழியே போகிறவருக்கு ஹிமாலயன் 450. சாலையில் வேகமும் வேண்டும், பராமரிப்புச் செலவுக்கும் தயங்க மாட்டேன் என்பவருக்கு 390 அட்வெஞ்சர். ஊருக்கு வெளியே ஏரிக்கரை, ஆற்றுமணல், செம்மண் தேரி என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணில் புரளக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு, உயரமும் ஒத்துவந்தால், கே.எல்.எக்ஸ். ஒரு அருமையான ஆசிரியர். அதில் நெடும்பயணம் போவது தனி வைராக்கியம். தனியாகப் போகிறவர், மண்ணை உண்மையாகவே தேடுகிறவர், பணத்தை எண்ணிச் செலவு செய்கிறவர் மூவருக்கும் எக்ஸ்பல்ஸ்தான். நெடுஞ்சாலையும் கலந்தால் ஆறாவது கியர் உள்ள 210. எளிமையும் பன்னிரண்டு கிலோ மிச்சமும் பெரிதென்றால் பழைய 200 4வி.

எக்ஸ்பல்ஸுக்கும் பெரிய வண்டிகளுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் முழங்கால்வரை வரும் பூட்ஸ், மார்புக் கவசம், நல்ல ஹெல்மெட் வாங்கி, ஆஃப்ரோடு பயிற்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் விழுந்து எழுந்து, தொழிற்சாலை டயரைக் கழற்றிவிட்டு மண்ணுக்கேற்ற கட்டை டயரும் போட்டுவிடலாம். மீதியும் இருக்கும். கணுக்கால் உடைவதுதான் இந்த விளையாட்டில் சாதாரணம் என்பதால் முதலில் பூட்ஸ்.

பழைய வண்டி வாங்குவதும் தப்பில்லை. இந்த வகை வண்டிகளில் பல ஒரே ஒரு பயணம் போய்விட்டு பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கின்றன. ஃபோர்க்கின் எண்ணெய்க் கசிவைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டினால் தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பி, நடுவில் சிக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். சிக்கினால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. எஞ்சினின் அடித்தட்டைக் குனிந்து பார்த்தால் வண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது கீறல்களில் தெரியும். டேங்க்கில் லடாக் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விற்பவர் ஐயாயிரம் கூட்டிச் சொல்வார். நீங்கள் பத்தாயிரம் குறைத்துக் கேளுங்கள்.